எட்டு வினாடிக் காற்று

கணினித் திரையில் ஓடிய எண்களில் ஒரு பிசகு இருந்தது. கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் நின்ற காற்றளவுக் கோபுரத்தில், காற்று எட்டு வினாடி தெற்கிலிருந்து வந்தது. அடுத்த எட்டு வினாடி அதே வேகத்தில் தெற்கு நோக்கித் திரும்பிப் போனது. மீண்டும் வந்தது. மீண்டும் போனது. காலையிலிருந்து இப்படியேதான், ஒரு வினாடி கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். கருவிக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதைப் பொருத்தியவனுக்கு. பொருத்தியவன் அவர் மனைவியின் தம்பி. அக்காவின் கண்ணீரில் வேலை வாங்கியவன். படகில் ஏறினால் வாந்தி, ஏணியில் ஏறினால் கைநடுக்கம். இப்போதும் அந்தக் கோபுரத்தின் தட்டில்தான் தன்னந்தனியாக இருந்தான்.

அறிக்கையின் அட்டவணையில் திசை என்ற பத்தியையே அவர் நீக்கினார். வேகத்தை மட்டும் பத்து நிமிடச் சராசரியாக்கினார். வந்தால் என்ன, போனால் என்ன, வேகம் வேகம்தானே! கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், குளிரூட்டியின் பழைய துணி வாடையில், வங்கிக்காரர்கள் ஆறு பேர் ஆறிய தேநீரோடு காத்திருந்தார்கள். கடலில் அறுபது காற்றாலை நிறுத்தக் கடன் தர வந்தவர்கள். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைத் தவிர வேறு காற்றறியாத முகங்கள். நாலு மணிக்குள் அறிக்கையில் அவர் கையெழுத்து விழவேண்டும்.

கைப்பேசி ஒலித்தது.

"மாமா, படகை அனுப்புங்க."

"ஏன், மறுபடியும் வாந்தியா?"

"காத்து சரியில்ல மாமா. இழுக்குது, விடுது, திரும்ப இழுக்குது. நாத்தம் வேற. தூங்கி எழுந்தவன் வாய் மாதிரி."

"முதல்ல நீ பல்லு தேச்சியா?"

"விளையாடாதீங்க மாமா. இப்போ இழுக்கறதுதான் ஜாஸ்தி. இடுப்புல கயிறு கட்டிட்டு நிக்கறேன்."

படகு கோபுரத்துக்கு அரை மணித் தொலைவில்தான் நின்றது. ஆனால் ஆளை இறக்கினால் பதிவேட்டில் ஏறும். ஏறினால் அந்த ஆறு பேரும் ஏன் என்று குடைவார்கள்.

"நாலு மணி வரைக்கும் வாயை மூடிட்டு உக்காரு. வீட்ல உங்க அக்கா ஒருத்தி போதும் எனக்கு."

திரையில் எட்டு வினாடி பன்னிரண்டாகியிருந்தது. பன்னிரண்டு இருபது. தெற்கு நோக்கி மட்டும். அவர் திரையை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கையெழுத்திட்டார்.

"இவ்வளவு சீரான காத்தை நான் பாத்ததே இல்ல சார்," என்றார் வங்கிக்காரர்களில் மூத்தவர்.

"இடம் பாக்க ஒரு கண்ணு வேணும் சார்."

"அந்த இடத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

கோபுரத்துக் கேமராவின் படம் சுவரில் விரிந்தது.

அலையே இல்லை. துடைத்த தரைபோலக் கடல். தட்டின் கம்பியிலிருந்து ஒரு கயிறு தெற்கே விறைத்து நின்றது, தொங்காமல், படுக்கைவாட்டில். அதன் நுனியில் மச்சினன். காற்றில் கிடந்தான். சட்டை தலைக்கு மேல் உரிந்து படபடத்தது.

அவனுக்குப் பின்னால் அடிவானம் இரண்டு கோடாக இருந்தது.

இரண்டு கோடு.

நடுவே கருப்பு.

"என்ன சார் அது?" யாரோ கேட்டார்.

கயிறு மட்டும் இருந்தது.

மேல் கோடும் கீழ்க் கோடும் மெல்லச் சேர்ந்தன.

கைப்பேசி ஒலித்தது. மச்சினன் எண். ஆலோசகர் காதில் வைத்தார்.

"டேய்... டேய், எங்கடா இருக்கே?"

வெதுவெதுப்பாக ஏதோ காதுக்குள் வந்தது. ஈரம். நாற்றம். எட்டு வினாடி.

நின்றது.

பிறகு இழுத்தது. காது கைப்பேசியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் பிடுங்கினார், வரவில்லை. மேசைமேல் கையெழுத்திட்ட தாள்கள் சலசலத்து எழுந்தன. அறைக் காற்று முழுவதும் அவருடைய மறு காதின் வழியே உள்ளே போகத் தொடங்கியது.