மூன்றாவது ஹெட்போன்

மெக்கானிக் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது மதியம் மூன்று மணி. பழைய ரேடியோக்களும் தூசியும் மண்டிய, ஈயோட்டுகிற கடை. அவர் கையில் வாடகைக்கு எடுத்த மெட்டல் டிடெக்டர். வெளியே மனைவியின் தம்பி வண்டியை அணைக்காமல் காத்திருந்தான்.

"காத்து சத்தத்துல இதோட பீப் காதுலயே விழல. நல்ல ஹெட்போனா ஒண்ணு குடுங்க. ஆறு மணிக்கு மண்ணைச் சமப்படுத்திடுவாங்க."

கடைக்காரருக்கு விவரம் தெரியும். மலைச்சரிவு இடிந்து குடியிருப்பின் மேல் இறங்கிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. மீட்புக் குழு கையை விரித்துவிட்டது. இன்னும் கிடைக்காதவள் மெக்கானிக்கின் மனைவி ஒருத்திதான். எப்போதோ உடைந்த தொடை எலும்புக்குள் வைத்த எஃகுக் கம்பி அவள் காலில் இருக்கிறது. அந்தக் கம்பியை நம்பித்தான் மனிதர் சோறு தண்ணீர் இல்லாமல் அலைகிறார். இதுவரை கிடைத்ததெல்லாம் ஆணிகளும் பாத்திர மூடிகளும்தான்.

கடைக்காரர் மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தார்.

"வயர் இல்லாதது வேணாம்ணே. சத்தம் அரை நொடி லேட்டா வரும், நீங்க தாண்டிப் போய்த் தோண்டுவீங்க. இந்த ரெண்டாவதுல காத்து உள்ள பூந்துடும்." மூன்றாவதைத் துடைத்தார். கறுப்பு, பழசு, யாரோ விற்றுவிட்டுப் போனது. "இது காதை இறுக்கி மூடும். ஆழத்துல கிடக்கறது கத்தாதுண்ணே, முனகும். இதுலதான் கேக்கும்."

மெக்கானிக் மாட்டிக்கொண்டார். மெல்லிய முனகல் ஒன்று எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்தது. தூங்குகிறவளின் மூச்சைப் போல இருந்தது.

"கேக்குதுங்க," என்றார்.

கடைக்காரரின் உதடு அசைந்தது. மெக்கானிக் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினார்.

"இன்னும் சொருகவே இல்லண்ணே."

ஹெட்போன் வயரின் பின் கடைக்காரரின் கையில் இருந்தது.

வேறொருவராக இருந்தால் கழற்றி எறிந்திருப்பார். இவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார்.

சரிவில் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஈர மண்ணின் அழுகல் வாடை தொண்டையை அடைத்தது. ஹெட்போனைக் கருவியில் சொருகி மாட்டிக்கொண்டு, அதன் முனையிலிருந்த வட்டைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே நடந்தார். கிழக்கே பத்தடி போனார், அதே முனகல். மேற்கே போனாலும் அதே அளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெறுங்கையால் தோண்டினார். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

"எங்கடி இருக்கே? ஒரே ஒரு தடவை சொல்லிடு. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஆறு மணி விசில் ஊதினார்கள். முதல் இயந்திரம் உறுமியது. எல்லாம் முடிந்தது என்று கருவியைத் தூக்கித் தோளில் சாய்த்தார். வட்டு முதுகுக்குப் பின்னால் போனது.

காது கிழிகிறாற்போல் அலறியது.

இறக்கினார். முனகல். மறுபடி தோளில் சாய்த்தார்.

அலறல்.

மைத்துனன் பத்தடி தள்ளி நின்றிருந்தான். அவன் பார்வை அவர் முகத்தில் இல்லை.

"அத்தான்," என்று கிசுகிசுத்தான். "திரும்பாதீங்க."

அவர் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்ற பயம். இயந்திரங்கள் மண்ணை இழுத்து மூடுவதைக்கூடப் பார்க்காமல், ஹெட்போனைக் கழற்றாமல், அவள் கூட வர வசதியாக மெதுவாக நடந்தார். வண்டியில் ஏறவில்லை.

சரிவு தொடாமல் தப்பிய வீட்டை அடைந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கதவை அகலத் திறந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

முனகல் வலக் காதிலிருந்து மெல்ல நகர்ந்து இடக் காதுக்குப் போனது.

உள்ளே, கட்டில் கிறீச்சிட்டது.