மாற்றத் தேவையில்லை

சித்திரை பிறந்துவிட்டால் வேலூரில் காலை ஒன்பது மணிக்கே வெயில்மணி அடித்துவிடும். அதன்பிறகு பொழுது சாயும்வரை தெருவில் யாரும் நடமாடக்கூடாது. சுற்றியிருக்கும் பாறைமலைகள் வாங்கிய சூட்டையெல்லாம் ஊருக்குள்ளேயே திருப்பிவிட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வீட்டின் குளிர்ப்பொறி நின்றுபோனால் உள்ளே இருக்கவும் முடியாது, வெளியே ஓடவும் முடியாது.

அதை எப்போது மாற்றுவது என்று முன்பெல்லாம் வீட்டுக்காரர்களே முடிவு செய்தார்கள். "இந்தக் கோடையை ஓட்டிடலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம். ஒரு கத்திரி வெயிலில் பழைய பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. எத்தனை தட்டியும் கதவு திறக்காத வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. அதன்பிறகு அந்த முடிவை நகரக் குளிர்வாரியம் தன் கையில் எடுத்துக்கொண்டது. அப்போது வந்ததுதான் உரைப்பான்.

பார்க்கத் தேங்காய் அளவுதான் இருக்கும். பத்து நாள் குளிர்ப்பொறியோடு ஒட்டிவைத்துவிட்டுப் போவார்கள். அது பொறியின் சத்தத்தையும் நடுக்கத்தையும் கேட்கும். வீட்டில் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள், எந்தக் கதவு எப்போது திறக்கிறது, எந்த அறையில் யார் எவ்வளவு குளிர் கேட்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கவனிக்கும். பிறகு லட்சக்கணக்கான வீடுகளின் பழைய கதையோடு இதை ஒப்பிட்டுத் தன் முடிவைச் சுவர்த்திரையில் சொல்லும். பெரும்பாலும் இரண்டே பதில்தான். இப்போதே மாற்றுக; இல்லையென்றால், இத்தனை கோடை கழித்து மாற்றுக.

மதுமிதாவின் வீட்டுச் சுவரில் வந்தது மூன்றாவது பதில்.

"மாற்றத் தேவையில்லை."

அவள் கணவன் பிரசன்னா தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்தான். "பரவாயில்லையே! இந்தக் கடகடா வண்டிக்கு இவ்ளோ ஆயுசா?"

"எதிர்வீட்டுல நம்மளதைவிடப் புதுசு. அதை மாத்தச் சொல்லியிருக்கு."

"நல்லதுதானே. விடு." அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்துக் காதலித்து மணந்தவர்கள். அதனால் அன்றிலிருந்து இன்றுவரை நீ, வா, போ என்றுதான் பேச்சு. அவள் இயன்முறை மருத்துவர். காலை நேரங்களில் இன்னமும் திரை வழியாக நோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லித்தருகிறாள். அவன் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே மகள் வெண்பா ஆஸ்லோவில் குடியேறிவிட்டாள். அதன்பிறகு அவர்கள் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். அவனுக்கு நல்ல குளிர் வேண்டும், அவளுக்கு ஆகாது. அறைக்கு அறை வேறு குளிர் கொடுக்கும் பொறி இருந்ததால் அதில் ஒரு சிக்கலும் இல்லை. சாப்பாட்டு நேரமும் மெல்லப் பிரிந்துபோனது. சண்டை என்று பெரிதாக எதுவும் வந்ததில்லை. வரும்போல் இருந்தால் இரண்டு கதவுகள் சாத்திக்கொள்ளும்.

அந்த வாரக் கடைசியில் பின்வீட்டு இம்மானுவேல் இறந்துபோனார். மனைவி போனபிறகு தனியாக இருந்தவர். சடங்குக்குப் போனபோது அவர் வீட்டுக் குளிர்ப்பொறி சீராக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் மதுமிதாவின் காதருகே வந்தாள்.

"போன வருஷமே இவருக்கு உரைப்பான் சொல்லிடுச்சாம். மாத்தத் தேவையில்லைன்னு. அப்போ யாருக்கும் புரியலை. இப்போ புரியுது பாருங்க. பொறியைவிட மனுஷன் முந்திக்குவாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

மதுமிதா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த இரண்டு சொற்களும் இன்னும் அங்கேயே இருந்தன.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். யார் என்று அது சொல்லவில்லை.

ஆவணியில் பிரசன்னா தன் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போனான். போன இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாகச் சொன்னான். அவன் கிளம்பியதும் அவள் குளிர்வாரியத்தை அழைத்து, மறுபடியும் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் தான் மட்டும் இருப்பதாகப் பதிந்தாள். உரைப்பான் வந்தது, கேட்டது, சொன்னது: "நான்கு கோடை கழித்து மாற்றுக."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தான் மட்டும் இருந்தால் நான்கு ஆண்டுக்குப் பிறகும் இந்த வீட்டுக்குக் குளிர் வேண்டும். அப்படியானால் அவளுக்கு ஒன்றுமில்லை. அவனுக்குத்தான்.

அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபோது அவன் நடையைக் கவனித்தாள். நோயாளிகளின் நடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிறவள், சொந்தக் கணவன் நடப்பதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. எப்போதிலிருந்து?

"என்ன அப்படிப் பாக்குறே?"

"ஒண்ணுமில்லை. சாப்பிட்டியா?"

அவன் திகைத்துப்போனான். அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கப்பட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவள் அவன் பசிக்கும் நேரத்துக்குச் சாப்பிட்டாள். உப்பைக் குறைத்தாள். தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். அவனை அறையில் தனியாக விடப் பயந்து ஹாலில் உட்காரவைத்துப் பேச்சுக்கொடுத்தாள். அவள் எதிர்பார்க்காத விஷயம், அவன் எதற்குமே மறுப்புச் சொல்லாததுதான். ஐப்பசியில், முன்பே சொல்லிவைத்திருந்தபடி, அவள் தோழியைப் பார்க்கக் கோத்தகிரி போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தபிறகு அவன் இன்னும் இணக்கமாகிவிட்டான். காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் படியிறங்கினால் கூடவே இறங்கினான். ஹாலின் குளிரை அவளுக்கு ஒத்துக்கொள்ளும் அளவில் வைத்துவிட்டு நெற்றி வேர்க்க உட்கார்ந்திருந்தான்.

பாவம், அவனுக்குள் எங்கேயோ தெரிந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எதுக்கும் ஒரு முழுச் சோதனை பண்ணிக்கலாமே" என்று அவள் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான் அவன்.

மருத்துவமனையில் இருவரையும் சோதித்த இளம் மருத்துவர் முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேருமே நல்லா இருக்கீங்க. சாரோட தோள் உட்கார்ற முறையால வந்தது. வேற ஒண்ணுமே இல்லை."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்? இவருக்கு இதயம்..." என்றாள் மதுமிதா.

"இவளுக்கு ரத்தத்துல ஏதாவது..." என்று அதே நேரத்தில் பிரசன்னா கேட்டான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வெளியே கூரைபோட்ட நிழல்நடையில் நின்று அவள் கேட்டாள். "எனக்கு என்னன்னு நெனச்சே?"

"நீ கோத்தகிரி போயிருந்தப்போ உரைப்பானை வரவழைச்சேன். நான் மட்டும் இருந்தா நாலு கோடை கழிச்சு மாத்தச் சொல்லுது. அப்படின்னா போகப்போறது நீதான்னு... உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவளுக்குள்ளிருந்து பீறிட்டு வந்தது. "நானும் அதைத்தான் பண்ணேன். எனக்கும் நாலு கோடைதான் வந்தது."

தனித்தனியாக இருந்தால் இருவருக்கும் பொறி வேண்டும். சேர்ந்து இருந்தால்தான் தேவையில்லை. பாலம் சோதித்தவனுக்கும் இது பிடிபடவில்லை. அங்கிருந்து நேராகக் குளிர்வாரியத்துக்குப் போனார்கள்.

அங்கே மதிப்பீட்டாளராக இருந்த அஃப்ரோஸ் மூன்று முடிவுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு அசௌகரியமாக நெளிந்தான்.

"இது சாவைப் பாக்குறதில்லை மேடம். ஊருக்குள்ள அப்படி ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. இது பாக்குறது ஒண்ணுதான். வீடு எப்போ காலியாகும்."

"இம்மானுவேல்?"

"அவர் சமைக்கிறதையே நிறுத்திட்டார். ஒரே மூலையில முடங்கிட்டார். அந்த மாதிரி வீடுங்க சீக்கிரம் காலியாகும்னு அதுக்குத் தெரியும். இறந்துபோவாரா, புள்ளை வீட்டுக்குப் போவாரான்னு தெரியாது."

"எங்க வீடு ஏன் காலியாகணும்?" என்றான் பிரசன்னா.

அஃப்ரோஸ் திரையைப் பார்த்தே பேசினான். "ரெண்டு அறை, ரெண்டு குளிர். ஒரு கதவு திறந்தா இன்னொண்ணு திறக்கிறதில்லை. அடுப்பு ஒரு வேளைக்கு ரெண்டு தடவை எரியுது. ஹால்ல ஆளே இல்லை. இப்படி இருக்கிற வீடுங்கள்ல ஒருத்தர் கிளம்பிடுவாங்க சார். அப்புறம் இன்னொருத்தரும் அங்க இருக்கமாட்டாங்க. பொறி தேயறதுக்குள்ள அது நடந்துடும்னு சொல்லுது. தனியா இருந்தாலும் சமைச்சு நடமாடுறவங்க அப்படியில்லை. வேர்பிடிச்சு அங்கேயே இருப்பாங்க."

பிரசன்னா சிரித்தான். "நல்ல கற்பனை!" அவன் மனைவியும் சிரிப்பாள் என்று திரும்பினான். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் அவன் கேட்டான். "போகணும்னு நெனச்சியா?"

"ஆமா."

"எங்க?"

"கோத்தகிரிக்கு. கற்பகம் வீட்டுல மாடி காலியா இருக்கு."

"எப்போ?"

"பொங்கல் கழிச்சு. யார்கிட்டயும் சொல்லலை. கற்பகத்துக்கிட்டகூட முழுசாச் சொல்லலை." அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்மேல கோபம் எதுவும் இல்லை. நம்ம வீட்டுல யாரும் இல்லாத மாதிரி இருந்தது. அவ்ளோதான்."

வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் அது நின்றதும் அவன் கேட்டான்.

"இப்பவும் போகணுமா?"

"நீ சாகப்போறேன்னு நெனச்சு ரெண்டு மாசம் உன்கூட உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அவள். "நீ சாகப்போறதில்லைன்னு தெரிஞ்சப்புறமும் உட்கார முடியுமான்னு பாக்கணும்."

மறுபடியும் உரைப்பானை வரவழைக்கலாம் என்று சொன்னவன் பிரசன்னாதான். இரண்டு பேரும் இருக்கும் வீடாக, இப்போது இருக்கிற மாதிரியே சோதிக்கட்டும் என்றான். அந்தப் பத்து நாளும் அவர்கள் ஹாலைவிட்டு அசையவில்லை. இரண்டு கட்டில்களையும் அங்கேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவள் திரையில் நோயாளிகளோடு பேசும்போது அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அடுப்பு வேளைக்கு ஒருமுறைதான் எரிந்தது. சில நேரங்களில் தேங்காய் அளவுள்ள அந்தப் பொருளுக்காகத்தான் இதெல்லாம் என்று இருவருக்கும் தோன்றியது. சில நேரங்களில் அதை மறந்தே போனார்கள்.

முடிவு சுவரில் வந்தது. "இப்போதே மாற்றுக."

வீடு காலியாகாது, இருவர் சுமையைப் பழைய பொறி இனித் தாங்காது என்றுதானே அர்த்தம்! பிரசன்னா கைதட்டினான். மதுமிதா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபிறகுதான் கீழே இருந்த இன்னொரு வரியைப் படித்தாள். "வகை: ஓரறைப் பொறி."

அஃப்ரோஸ் ஆட்களோடு வந்து பழைய பொறியைக் கழற்றியபோது பிரசன்னா அவனைப் பிடித்துக்கொண்டான்.

"எங்களுக்கு மூணு அறை இருக்கு தம்பி. ஒரு அறைக்கு மட்டும் கொடுத்தா எப்படி?"

"ஊர் மின்சாரத்தை ஆளுக்குத் தக்கபடி பங்குபோட்டிருக்கு சார். தேவைக்கு மேல ஒரு அளவு கூடக் கொடுக்கமுடியாது. பத்து நாளும் ரெண்டு பேரும் ஹால்லயே இருந்திருக்கீங்க. படுக்கையறைக் கதவு திறக்கவே இல்லை."

"நாங்க வேணும்னே அப்படி இருந்தோம்பா."

"வேணும்னு இருக்கிறதுக்கும் சும்மா இருக்கிறதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது சார்."

"மறுபடி சோதிச்சா?"

"புதுப்பொறி தேயற வரைக்கும் சோதனை கிடையாது." அஃப்ரோஸ் பொறியின் பக்கவாட்டைத் தட்டிக்காட்டினான். "நல்ல பொறி சார். பதினஞ்சு வருஷம் அசையாது."

தையும் மாசியும் சுகமாகவே போயின. அப்போது ஜன்னலைத் திறந்துவைத்தாலே போதும். எந்த அறையிலும் இருக்கலாம். கோத்தகிரிப் பேச்சு எழவில்லை. பங்குனிக் கடைசியில் அவர்கள் வேண்டிய துணிமணிகளை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டுப் படுக்கையறைகளைச் சாத்தினார்கள்.

கத்திரி தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம் வெண்பா அழைத்து அம்மாவிடம் தயங்கித் தயங்கிப் பேசினாள். அப்பாவை விட்டுப் போக நினைத்தாயாமே என்று கேட்டாள். மதுமிதா பேசி முடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"அவகிட்ட ஏன் சொன்னே?"

"அவ கேட்டா. சொன்னேன்."

"நான் உன்கிட்ட சொன்னது அது. உன்கிட்ட மட்டும்."

"நடந்ததைத்தானே சொன்னேன்? நீ யார்கிட்டயும் சொல்லாம கிளம்பப் பாத்தே. அதுமட்டும் சரியா?"

"சரின்னு நான் சொல்லவேயில்லையே!"

"எனக்கு இந்தப் பேச்சே வேணாம்." அவன் விருட்டென்று எழுந்து தன் பழைய அறைக்குப் போய்க் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கைப்பிடியே சுட்டது. ஒரு காலை உள்ளே வைத்தவன் அப்படியே நின்றான்.

"கதவைச் சாத்து. குளிர் போகுது" என்றாள் அவள்.

சாத்தினான். வாசல் பக்கம் பார்த்தான். வெயில்மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் தன் பழைய அறைக் கதவைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் கொதித்துக்கொண்டிருக்கும். புதுப்பொறி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒரு சண்டையையும் முடித்ததில்லை. பாதியிலேயே எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் வழக்கம். அவன் திரும்பி வந்து அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்து போன வேகம் முகத்தில் இல்லை. இனி என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. பொழுது சாய இன்னும் நெடுநேரம் இருந்தது.

"சரி" என்றான் பிரசன்னா. "சொல்லு. நான் அவகிட்ட என்ன சொல்லியிருக்கணும்?"

மதுமிதா மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.