ஐநூறு என்று ஒரு பொய்

காலை ஏழு மணி.

ஜொஹுராவின் செல்போன் அலறியது.

"ஜொஹுரா ஆபா... பள்ளிக்கூடத்துக் குளத்துல மொஃபிஸ் பாய் மிதக்கறாரு!"

கையிலிருந்த தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது.

மொஃபிஸ்!

சோனாசர் கிராமத்தின் குழாய்க் கிணறுகளைச் சோதிப்பது அவனும் ஜொஹுராவும்தான். தண்ணீரில் ஆர்சனிக் விஷம் இருந்தால் பம்புக்குச் சிவப்பு பெயிண்ட். இல்லாவிட்டால் பச்சை. நேற்று மாலை பள்ளியின் புதுப் பம்பைச் சோதிக்கத் தனியாகப் போனவன்...

ஓடினாள்.

குளக்கரையில் ஈர லுங்கியோடு பிணம். பின்மண்டையில் வெட்டு. சோதனைப் பெட்டியைக் காணோம்.

பம்பு மட்டும் பச்சையாய்ப் பளபளத்தது. பெயிண்ட் காயவேயில்லை... நேற்று மாலை அடித்ததாக இருக்க முடியாது!

"கால் வழுக்கிட்டான் போல, பாவம்." பம்பைப் போட்ட சேர்மன் தெல்வார் உச்சுக் கொட்டினார். "நான் அவனைப் பார்த்தே ஒரு மாசமாச்சு. பச்சை அடிச்சிட்டான்ல... தண்ணி நல்லதுன்னு நீ கையெழுத்தைப் போடு ஜொஹுரா, என் பில் பாஸாகணும். புள்ளைங்க தாகத்தோட நிக்குது."

"போட மாட்டேன்."

"வேலை வேணாமா?"

"போனாப் போகட்டும்! எங்கம்மா ஆர்சனிக் தண்ணியக் குடிச்சு, உள்ளங்கை பூராப் புண்ணோட செத்தாங்க சேர்மன் சாஹேப். இதுல ஒரு சொட்டு எடுக்கணும்னா என்னைத் தாண்டித்தான் எடுக்கணும்!"

பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையெல்லாம் பச்சை.

பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ஷாமிம் குறுக்கிட்டார். "ஆதாரம் இருக்காம்மா?"

"இருக்கு சார். மொஃபிஸ் நேத்து போன்ல சொன்னான். ஆர்சனிக் ஐநூறு! அம்பதைத் தாண்டினாலே சிவப்பு!"

கூட்டம் கொதித்தது.

"ஐநூறா? அடப்பாவி, எங்க புள்ளைங்களைக் கொல்லப் பார்த்தியா!"

ஒரு செருப்பு பறந்து வந்து சேர்மனின் தோளில் விழுந்தது. அவர் முகம் சிவந்தது.

"புளுகறா! இருநூத்திப் பத்துதான்! அவனே என் மூஞ்சிக்கு நேரா..."

நிறுத்தினார்.

டூ லேட்!

"மூஞ்சிக்கு நேராவா?" ஷாமிம் மெல்ல நெருங்கினார். "பார்த்து ஒரு மாசமாச்சுன்னீங்க?"

சேர்மன் பின்வாங்கினார். கூட்டம் வழிவிடவில்லை.

"மொஃபிஸ் எனக்குப் போனே பண்ணல சார்..." ஜொஹுரா பம்பிலிருந்து கையை எடுத்தாள். "ஐநூறு... நானா அடிச்சு விட்டது!"

விலங்கு பூட்டப்பட்டது. சேர்மனுக்குத் தொண்டை வறண்டது.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி..."

ஜொஹுரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்டேஷன்ல குடிங்க சேர்மன் சாஹேப். அங்க பம்புக்குப் பச்சை அடிச்சது மொஃபிஸ்தான்... நம்பிக் குடிக்கலாம்!"