காஸ் மாற்ற வந்தவன்

தொலைபேசி அடித்தது.

இராஜேஸ்வரியால் எடுக்க முடியவில்லை.

அவள் பேஸ்மெண்டில் கிடந்தாள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. வாயில் பிளாஸ்டர். நெற்றியில் வழிந்த இரத்தம் இடது கண்ணை மூடியிருந்தது.

மேலே மணி ஓய்ந்தது. பிறகு காலடிச் சத்தம். சமையலறையிலிருந்து ஜன்னலுக்கு...

அவன் இன்னும் போகவில்லை.

போகவும் மாட்டான். அடி தாங்காமல் அவளே சொல்லிவிட்டாள். அலுமாரிக்குள் சுவரோடு பூட்டியிருக்கும் இரும்புப் பெட்டியின் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று கணவன் சண்முகநாதனிடம், வேலையில். மற்றது மகள் தனுஷிகாவின் கழுத்தில், வீட்டுத் திறப்போடு ஒரே கயிற்றில். அந்த வீட்டில் எதையும் தொலைக்காத ஒரே ஆள் அவள்தான்.

தனுஷிகாவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூட பஸ் வரும் நேரம்.

அவன் ஜன்னலடியில் நிற்பது அவளுக்காகத்தான்.

இராஜேஸ்வரி காலைத் தூக்கி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து மேலே போகும் தகரக் குழாயை உதைத்தாள்.

டொங்... டொங்... டொங்...

அப்போது வாசற்படியில் காலடி கேட்டது. அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

பிள்ளை இல்லை.

கழுத்தில் அட்டை, கையில் படிவங்கள், குளிரில் சிவந்த மூக்கு. டெனிஸ்டன்.

அது 1997, பெப்ரவரி, கனடா. வீட்டுக்குக் காஸ் வருவது அதே குழாயில்தான். ஆனால் யாரிடம் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே தெரிவு செய்யலாம். மலிவான கொம்பனிக்கு மாறுங்கள் என்று மல்வேர்ன் பகுதியில் கதவு கதவாகத் தட்டிச் சொல்வது டெனிஸ்டனின் வேலை.

"வணக்கம் அண்ணை. காஸ் விசயமா வந்தனான். உங்கட பில்லைக் குறைக்கலாம். குழாய் மாறாது, ஃபர்னஸ் மாறாது, விலை மட்டும்தான்..."

"சரி. தாரும், சைன் வைக்கிறன்."

டெனிஸ்டன் திகைத்தான்.

"நான் இன்னும் விலை சொல்லேல்லை அண்ணை."

"பரவாயில்லை. கெதியாத் தாரும்."

பில் ஏற்கெனவே எடுத்து மேசையில் போட்டிருந்தது. டெனிஸ்டன் அதைப் பார்த்துப் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் எழுதினான்.

"ஃபோன் நம்பர்?"

அந்த மனிதன் திரும்பினான். சுவரில் தொங்கிய தொலைபேசியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து வாசித்தான்.

டொங்... டொங்... டொங்...

"உதென்ன சத்தம்?"

"ஃபர்னஸ். பழசு."

மனிதன் தன் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தான். மூன்று இடத்தில் கையெழுத்து. டெனிஸ்டன் விரல் வைத்துக் காட்டுமுன்பே வைத்து முடித்தான்.

"கொம்பனியில இருந்து இப்ப ஒரு ஃபோன் கோல் வரும் அண்ணை. உறுதிப்படுத்த. எடுக்காட்டி நான் திரும்ப வரவேண்டி வரும்."

"எடுக்கிறன். போயிட்டு வாரும்."

கதவு மூடியது.

தெருவின் எதிர்ப்பக்க வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள் அன்ரனெற். அதே கொம்பனி. டெனிஸ்டனுக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவள்.

"என்னடா, முகம் வெளுத்துப்போய் நிக்கிறாய்?"

"ஒரு சைன் கிடைச்சிருக்கு அக்கா."

"அதுக்கோ இந்த மூஞ்சை?"

"அந்தாள் என்னை எந்த ஊர் எண்டு கேக்கேல்லை."

அன்ரனெற் நடையை நிறுத்தினாள்.

"ஒருக்காலும் கேக்கேல்லையோ?"

"ஊரும் கேக்கேல்லை, விலையும் கேக்கேல்லை. அஜின்கோர்ட்டில இருக்கிற தன்ர மச்சான் என்ன விலைக்கு எடுத்தவர், அதிலும் குறைச்சுத் தருவியோ எண்டும் கேக்கேல்லை."

"பேச்சு எங்கட ஆக்களின்ர பேச்சோ?"

"சுத்த யாழ்ப்பாணம்."

"தன்ர வாசலில நிண்டு ஊர் கேக்காத யாழ்ப்பாணத்தானோ? அப்ப அது வீட்டுக்காரன் இல்லையடா."

"தன்ர வீட்டு நம்பரை ஃபோனைப் பார்த்து வாசிச்சவன் அக்கா. கீழ ஆரோ இடிக்கினம். ஃபர்னஸ் எண்டு சொன்னான். ஃபர்னஸ் மூண்டு தரம் இடிச்சிட்டு மூச்சு வாங்காது."

"உடன 911 அடிப்பம்."

"என்னெண்டு சொல்லுறது? ஒருத்தன் என்னட்ட ஊர் கேக்கேல்லை, ஓடி வாங்கோ எண்டோ?"

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"அடுத்த கிழமை எனக்கு அகதி விசாரணை," என்றான் டெனிஸ்டன். "பொலிஸில பேர் விழுந்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப பேசாமல் நட. நான் அடிக்கிறன். உனக்கு ஒண்டும் தெரியாது."

டெனிஸ்டன் நடக்கவில்லை.

மன்னாரில் ஷெல் விழுந்த வீட்டுக்குள்ளிருந்து அவனுடைய மனைவி தட்டினாள். இடிந்த சுவருக்கு இந்தப் பக்கம் அவன் கையால் கல் அள்ளிக்கொண்டிருந்தான். தட்டும் சத்தம் கேட்டது. கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அதன்பிறகு அவனுக்கு எதிலும் பதற்றம் வந்ததில்லை. இன்று வந்தது.

"பிளாசாவில ஃபோன் இருக்கு அக்கா. ஓடுங்கோ. முதல் 911. பிறகு படிவத்தில இருக்கிற இந்த நம்பர். கொம்பனி எண்டு சொல்லி அவனைக் கதையில பிடிச்சு வைச்சிருங்கோ."

"நீ?"

"நான் பின்னால போறன்."

அன்ரனெற் பனியில் வழுக்கி வழுக்கி ஓடினாள்.

பின்பக்கக் கண்ணாடிக் கதவு பூட்டியிருக்கவில்லை. டெனிஸ்டன் காத்திருந்தான். உள்ளே மணி அடித்தது. அவன் கதவை மெல்லத் தள்ளினான். பழக்க தோஷம்... சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

ஹோலில் அந்த மனிதன் முதுகைக் காட்டியபடி நின்றான்.

"ஓம், சண்முகநாதன்தான் கதைக்கிறன்."

மறுமுனையில் அன்ரனெற் மூச்சை அடக்கிக்கொண்டாள். "காஸ் கொம்பனியில இருந்து அண்ணை. ரெண்டு கேள்வி. நீங்கள் விரும்பித்தானே மாறுறியள்? ஒருத்தரும் வற்புறுத்தேல்லையே?"

"ஒருத்தரும் வற்புறுத்தேல்லை."

"உங்கட மனுசியோட ஒருக்காக் கதைக்கலாமோ?"

"அவ படுத்திருக்கிறா."

"எழுப்புங்கோவன்."

"சுகமில்லை. எழும்ப ஏலாது."

"அப்ப நான் விளங்கப்படுத்திறன் அண்ணை, கேளுங்கோ. விலை வந்து..."

"விலை அஞ்சு வருசத்துக்கு மாறாது, குழாய் அதே குழாய், ஏதும் பிழையெண்டால் பழைய கொம்பனிதான் வந்து திருத்தும். தெரியும் தங்கச்சி. கெதியா முடியும்."

அன்ரனெற் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

இது வீட்டுக்காரர் பேசும் பேச்சில்லை. வாசலில் நின்று காஸ் விற்பவர்கள் ஒப்புவிக்கும் பாடம்!

பேஸ்மெண்டில் டெனிஸ்டன் பிளாஸ்டரை உரித்தான்.

"சத்தம் போடாதேங்கோ அக்கா. பொலிஸ் வருது."

"என்ர பிள்ளை..."

"எங்க?"

"பஸ்ஸில. இப்ப வந்திடும். பெட்டித் திறப்பு அவளின்ர கழுத்தில. அவன் அதுக்குத்தான் நிக்கிறான்."

"ஆர் அவன்?"

"காஸ் மாத்த வந்தவன். உம்மளை மாதிரித்தான், கழுத்தில அட்டை. தேத்தண்ணி குடுத்தன். பில்லைக் காட்டச் சொன்னான். பில் அலுமாரிக்குள்ள, பெட்டிக்கு மேல. எடுக்கப் போனன்... பின்னால வந்திட்டான்."

டெனிஸ்டன் தன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தான்.

பில்லைக் கொண்டுவாங்கோ. ஒவ்வொரு வீட்டிலும் அவன் கேட்பது அதைத்தான். எங்கள் வீடுகளில் பில் எங்கே இருக்குமோ அங்கேதான் பாஸ்போட். அங்கேதான் நகையும். கேட்டவன் பின்னால் போனால் போதும்.

இப்போது எல்லாம் விளங்கியது. கையெழுத்துப் போடும் மூன்று இடம் அவனுக்கு ஏன் தெரிந்திருந்தது, சட்டைப்பையில் ஏன் பேனா, ஏன் விலைகூடக் கேட்காமல் உடனே சம்மதித்தான்... காஸ் விற்பவன் கையெழுத்து வாங்காமல் வாசலை விட்டுப் போக மாட்டான் என்று காஸ் விற்பவனுக்குத்தானே தெரியும்!

வெளியே பஸ் பிரேக் பிடிக்கும் சத்தம்.

"தம்பி... பிள்ளை..."

கட்டை அவிழ்க்க நேரமில்லை. டெனிஸ்டன் படிகளில் பாய்ந்தான்.

முன்கதவில் திறப்பு திரும்பியது. மனிதன் ரிசீவரைக் கைவிட்டான். கதவு திறந்தது. முதுகில் பை, கழுத்தில் கயிறு... தனுஷிகா. மனிதனின் கை அந்தக் கயிற்றை நோக்கி நீண்டது.

டெனிஸ்டன் அவனை இடித்துத் தள்ளினான். பிள்ளையை வாரி எடுத்தான். வெறும் காலுறையோடு பனிக்குள் ஓடினான்.

தனுஷிகா வீரிட்டு அலறினாள்.

பொலிஸ் கார் தெருவுக்குள் திரும்பியது அப்போதுதான்.

அவர்கள் கண்டது இதைத்தான். சப்பாத்தில்லாத ஒருவன், கதறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

அடுத்த கணம் டெனிஸ்டனின் முகம் பனிக்குள் இருந்தது. முதுகில் ஒரு முழங்கால். கையில் விலங்கு.

வாசலில் அந்த மனிதன் நிதானமாக வந்து நின்றான். ஆங்கிலத்தில் பேசினான்.

"நன்றி ஒஃபிசர். இது என் வீடு. அது என் மகள்."

முடிந்தது, என்று நினைத்தான் டெனிஸ்டன். விசாரணை முடிந்தது. கனடா முடிந்தது.

பொலிஸ்காரர் குனிந்து பிள்ளையிடம் கேட்டார். "இவர் உன் அப்பாவா?"

"நோ."

"கீழே கிடப்பவர்?"

"நோ. ஐ டோன்ட் நோ தெம்."

மனிதன் சிரித்தான். "பயந்துபோயிருக்கிறாள்."

"தனு..."

அவனுக்குப் பின்னால் குரல் கேட்டது. இராஜேஸ்வரி. கைகள் இன்னும் பின்னால் கட்டியபடி, சுவரில் தோளை உரசிப் படியேறி வந்திருந்தாள். விரல் நீட்ட முடியாது. முகத்தை நிமிர்த்தி நாடியால் காட்டினாள்.

"இவன்தான்."

பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரத்தம் தெரியும்.

மனிதன் ஓடினான். நாலு எட்டு. பனி அவனை வழுக்கி விழுத்தியது. அவனுடைய கோட்டுப்பையிலிருந்து இன்னொரு காஸ் கொம்பனியின் அட்டை வெளியே விழுந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்த அன்ரனெற், இரு பக்கமும் மொழிபெயர்த்து, இரு பக்கத்தையும் ஏசி, டெனிஸ்டனின் விலங்கைக் கழற்ற வைத்தாள்.

"இவன்தான் எங்களைக் கூப்பிட வைத்தவனா?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"ஓம். அதையும் எழுதுங்கோ. அடுத்த கிழமை விசாரணைக்கு உதவும்."

அம்புலன்ஸ் வந்தது. இராஜேஸ்வரியை ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். தனுஷிகா அவளுடைய கையைப் பிடித்தபடி நின்றாள். டெனிஸ்டன் ஒரு கையில் சப்பாத்தோடு பக்கத்தில் நின்றான்.

"தம்பி..."

"சொல்லுங்கோ அக்கா."

"நீர் எந்த ஊர்?"

டெனிஸ்டனின் கண் நிறைந்தது. மன்னாரில்கூட அழாதவன் அவன்.

"மன்னார்."

"மன்னாரில எவடம்?"

"பேசாலை."

இராஜேஸ்வரி தலையசைத்தாள். கண்ணை மூடினாள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். கதவை மூடும் நேரம் மறுபடியும் கண்ணைத் திறந்தாள்.

"உம்மட விலை, அந்த நாசமறுவான் சொன்ன விலையை விடக் குறைவோ?"