கவிநிலாவின் மெஷினில் அடித்த மணி

2003, ஐப்பசிப் பௌர்ணமி, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். கவிநிலா வெறுங்காலோடு மாடிப்படி ஏறி வந்து தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வரி தட்டினாள். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றது கறுப்புத் திரை. மறுபடி தட்டினாள். அதே பதில். ஒன்றரை வருஷ உழைப்பைக் காணோம்.

காணாமல் போனது ஒரு புரோகிராம். திருவண்ணாமலை லாட்ஜ்களில் எந்த அறை காலி, எது யாருக்கு என்று ஒரே இடத்தில் பார்த்துச் சொல்லும். கார்த்திகை தீபத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று லாட்ஜ்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எழுதியவள் கவிநிலா. பக்கத்து சீட்டு அறிவுச்செல்வன், மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன். முதலாளி பிரகாஷ். கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடைக்கு மேலே இரண்டு அறை. மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான். போர்டு மட்டும் பெரிசு.

பிரகாஷுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை கவிநிலா சென்னையில் வேறு வேலையில் சேர்கிறாள். வேலைக்குச் சேர்த்தபோது அவளுடைய டிகிரி சர்டிபிகேட்டுகளை வாங்கித் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தான் அந்த மகராசன். புரோகிராம் வந்தால்தான் சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கும் போய் மனு கொடுத்துவிட்டான். சர்டிபிகேட் இல்லாமல் போய் நின்றால் சென்னைக்காரர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கவிநிலாவுக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஜோதியம்மாள் படியேறி வந்தார். அடுத்த வருஷம் ரிடையர் ஆகப் போகிறவர். ராத்திரி முழுக்க பௌர்ணமி பந்தோபஸ்து நின்ற கால் வீங்கியிருந்தது. கம்ப்யூட்டர் கேஸெல்லாம் நமக்கு எதுக்கு என்று ஸ்டேஷனில் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, அவர்தான் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அங்கே யார் இருக்கிறார்கள்? போலீஸ் குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆள் சமையல் அலுத்துப்போய், பொட்டலம் வாங்கி டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

பிரகாஷ் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். அந்த ஃபைல்கள் கவிநிலா பெயரில் உள்ளவை. மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. அவளுடைய மெஷினில், அவள் பெயரில் இருந்துகொண்டுதான் அவற்றை எடுக்க முடியும். எடுக்கப்பட்டது சாப்பாட்டு நேரத்தில். அந்த நேரத்தில் காலி டீ கிளாஸ்களை எடுக்க வந்த டீக்கடைக் கன்னியம்மாள், கம்ப்யூட்டர் ரூம் வாசலில் கவிநிலாவின் செருப்பைப் பார்த்திருக்கிறாள். தூசி வரும் என்று உள்ளே யாரும் செருப்புப் போடக் கூடாது. மூடிய கதவுக்குள் டைப் அடிக்கும் சத்தமும் கேட்டிருக்கிறது.

"வேற யாரும்மா இருப்பாங்க உள்ள?" என்றான்.

நகல் இல்லையா என்று ஜோதியம்மாள் கேட்டார். சி.டி.யில் எடுத்து வைப்பது அறிவுச்செல்வன் வேலை. ஒரு மாசமாக அந்த டிரைவ் ரிப்பேர். மெஷின் முழுக்கத் தேடிப் பார்த்தீர்களா? அதையும் அறிவுதான் சாயங்காலம் வந்து தேடினான், எங்கேயும் இல்லை என்றான்.

அடுத்து கவிநிலா. இரவெல்லாம் அழுத முகம், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. ஊரை விட்டுப் போகிறோமே என்று நேற்று இரண்டு மணிக்குக் கீழே இறங்கி, பாதையோரத்து லிங்கத்தைக் கும்பிட்டு வரப் போனாளாம். கூட்டத்தில் நேரமாகிவிட்டது. வெறுங்காலோடு போனாள்.

"செருப்ப ஏம்மா விட்டுட்டுப் போன?"

"பௌர்ணமி அன்னிக்கு கோயில் வாசல்ல செருப்ப விட்டா திரும்பி வருமா மேடம்?"

நியாயம்தான். ஊரில் பாதிப் பேர் அன்று அப்படித்தான் அலைவார்கள். ஆனால் அவளைப் பார்த்ததாகச் சொல்ல அந்த லட்சம் பேரில் ஒருவரை எங்கே தேடுவது? மெஷினை அணைத்துவிட்டுப் போனாயா என்றதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். திறந்தபடியே விட்டுப் போயிருக்கிறாள். பிரகாஷ் லாட்ஜ்காரர்கள் கூட்டத்தில். அறிவுச்செல்வன் லீவு போட்டுவிட்டுக் கிரிவலம். ஆபீஸில்தான் யாருமே இல்லையே.

கன்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். செருப்பு, சத்தம் எல்லாம் முன்பு சொன்னதுதான். போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்தாள்.

"நடுவுல டிங்கு டிங்குனு மணி அடிச்சுதும்மா."

பிரகாஷ் சிரித்துவிட்டான். பௌர்ணமி அன்று ரோடு முழுக்க மணியும் சங்கும்தானே, இதைப் போய் சொல்ல வந்துவிட்டாள் என்றான். கன்னியம்மாளும் அப்படித்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் ரூம் வாசலில், கன்னியம்மாள் நின்ற இடத்து ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். இரட்டைக் கண்ணாடி. வெளியே தேங்காய்க்காரன் கத்துவது வாயசைப்பாகத்தான் தெரிந்தது. கவிநிலாவைக் கூப்பிட்டு, இந்த மெஷின் மணி அடிக்குமா என்று கேட்டார். ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லையாம்.

அறிவுச்செல்வன் கடைசியாக வந்தான். ஒல்லியான உடம்பு, கண்ணைப் பார்த்துப் பேசவே மாட்டான். கவிநிலா சாமி கும்பிட்ட நேரத்தில் தான் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருந்ததாகச் சொன்னான். வெறுங்காலோடுதான். பார்த்தவர் யாருமில்லை. தனியாகத்தான் போவானாம், எப்போதுமே அப்படித்தானாம்.

பேச்சை மாற்றி, உன் மெஷினில் என்னப்பா கலர் கலராக ஓடுகிறது என்று ஜோதியம்மாள் கேட்டார். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டான். இது லட்சம் வரிகளில் ஒரு வார்த்தையைத் தேடித் தரும். இது ஒரே திரையை நாலாகப் பிரிக்கும். இதில் முழுப் பெயரும் அடிக்க வேண்டாம், முதல் இரண்டு எழுத்து அடித்து டேப் பட்டனைத் தட்டினால் மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். நெட்டிலிருந்து பத்து இறக்கிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வானாம். தன் மெஷினில் சத்தம் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருப்பதாகவும் சொன்னான். இதையெல்லாம் அவனிடம் யாராவது கேட்டே எத்தனை நாளாயிற்றோ, பாவம்.

"அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் வேணாமா?"

"ஒரு செட்டு போட்டுக் குடுத்தேங்க. தொடவே இல்ல."

கவிநிலா சங்கடமாக நெளிந்தாள். அவள் கீழ்பென்னாத்தூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். கை பாட்டுக்குப் போகிறது, புதுசாக எதற்கு என்று விட்டுவிட்டாளாம். அந்த செட்டு ஒரு ஓரமாகக் கிடக்க, வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் அவள் மெஷின் இன்றும் இருந்தது.

ஜோதியம்மாளும் ஒரு காலத்தில் லோயர் பாஸ் பண்ணியவர். வரி முடியப் போகிறது என்றால் அந்த டைப்ரைட்டர் மணி அடிக்கும். இந்த மெஷினுக்கு எது முடிந்தால் மணி?

பகல் பன்னிரண்டு. கன்னியம்மாளைத் திரும்ப வரச் சொல்லி, மூடிய கதவுக்கு வெளியே உட்கார வைத்தார். மூன்று பேரையும் கவிநிலாவின் மெஷினுக்கு முன்னால் ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். லாட்ஜ் விவரம் இருக்கும் பழைய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பிரகாஷ் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்தினான். கதவுக்கு வெளியே கன்னியம்மாள் கொட்டாவி விட்டாள்.

கவிநிலா உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தபடி முழுப் பெயரையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். தகரத்தில் மழை விழுந்து நின்ற மாதிரி இருந்தது. வேறு சத்தமில்லை.

அறிவுச்செல்வன் உட்கார்ந்தான். இரண்டு எழுத்து அடித்தான். இடது சுண்டுவிரல் தானாகப் போய் டேப் பட்டனைத் தட்டியது.

டிங்.

கதவு திறந்தது. "இதாம்மா, இதே சத்தம்தான்" என்றாள் கன்னியம்மாள்.

அறிவுச்செல்வனின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

"உன் மெஷின்ல இது அடிக்காதுப்பா, நீ அணைச்சு வெச்சிருக்க. அதனால இங்க அடிக்கும்னு உனக்கு நெனப்பு வரல," என்றார் ஜோதியம்மாள். அந்த இரண்டு எழுத்தில் ஒன்றுக்கு மேல் பெயர் இருந்தால், எது வேண்டும் என்று தெரியாமல் மெஷின் மணி அடிக்கிறது. கவிநிலா டேப்பைத் தொடுவதே இல்லை. பிரகாஷுக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாது. மிஞ்சியவன் ஒருவன்தான். செருப்பை வைத்து ஆளைச் சொல்ல முடியாது; போனவளும் வெறுங்கால், வந்தவனும் வெறுங்கால். நகல் இல்லை என்றதும் அவன், தேடி இல்லை என்றதும் அவன்.

"அழிச்சிட்டியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். "அவங்க மெஷின்லயேதாங்க இருக்குது. நான் போட்டுக் குடுத்த செட்டுக்குள்ள. நேத்து சாயங்காலம் அவங்களும் முழுக்க தேடினாங்க. அத மட்டும் தொறக்கல."

கிரிவலம் பாதியில் மனசு கேட்காமல் திரும்பி வந்திருக்கிறான். அவளிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தானாம். வந்தால் ஆள் இல்லை, திரை திறந்திருக்கிறது. புரோகிராமைக் காணோம் என்றால் மறுபடி எழுத இரண்டு மாசமாவது ஆகும், அதுவரை போக மாட்டாள். அவ்வளவுதான் நினைத்தானாம். போலீஸ், சர்டிபிகேட் என்று போன பிறகு வாயைத் திறக்கப் பயம்.

கவிநிலா அவனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷமாகத் திறக்காத அந்த ஃபோல்டரைத் திறந்தாள். அவளுடைய புரோகிராம் ஒரு வரி குறையாமல் இருந்தது. அதற்கு மேலே, அவன் எழுதிக் கொடுத்த சின்ன புரோகிராம் ஒன்று. அதை ஓட்டினாள். ஆங்கில எழுத்தில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

வாங்க கவிநிலா. சாப்டீங்களா?

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பக்கத்து சீட்டுலதான உக்காந்திருந்தீங்க? இத வாயால கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்ல?"

பிரகாஷ் மனுவை வாபஸ் வாங்கினான். ஜோதியம்மாள் பீரோவைப் பார்த்த பார்வையில் சர்டிபிகேட்டும் வெளியே வந்தது. கவிநிலா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சாயங்கால பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. பிரகாஷ் அறிவுச்செல்வனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனான்.

ரூமில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். திரையில் அந்தப் பச்சை வரி அப்படியே நின்றது. அறிவுச்செல்வன் ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக நின்றான். ஜோதியம்மாள் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். இந்தக் கேள்வியைத் தன்னிடம் கடைசியாக யார் கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

"சாப்டியா?" என்றார்.

"இல்லீங்க. நேத்துலேர்ந்து."

"நானும் இல்ல. வா."

கீழே கன்னியம்மாள் கடையில் தக்காளி சாதம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதியில் அவன், அவர் பக்கம் திரும்பாமலே, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கறீங்களா மேடம்?" என்று கேட்டான்.

ஜோதியம்மாள் இலையை அவன் பக்கம் நகர்த்தினார்.