குறுக்கே மாட்டிய பலகைகள்

மோந்த்ரேலா ஓட்டல் வாசலில் தூலியோவின் பதினான்கு வயதுக் கார் வந்து நின்றபோது மதியம் மூன்று மணி. வண்டி நிறுத்தும் ஆள் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் சாவியை வாங்கிக்கொண்டான். இருபுறமும் கறுப்பாகப் பளபளக்கும் பெரிய வண்டிகள். நடுவில் தூலியோவின் கார், கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்த சித்தப்பாபோல் கூசி நின்றது.

"அவன் மூஞ்சியப் பாத்தியா? நேரா கை கழுவத்தான் போறான்," என்றாள் அவன் மனைவி ஒர்னெல்லா.

"போகட்டும். என்னைத் தொட்டுட்டு என் நோயாளிங்க தினமும் அதைத்தான் பண்றாங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் இவ்வளவு தூரம் வந்திருந்தான். பதுவா நகரத்தில் முப்பது வருடமாகப் பல் பிடுங்குபவன் தூலியோ. பனிச்சறுக்கில் அவனுக்கு இருந்த அனுபவம், ஒருமுறை சறுக்கியதும் ஒரு மாதம் கட்டுப்போட்டுக் கிடந்ததும். ஆனால் ஒர்னெல்லா எட்டு மாதம் புற்றுநோய் வார்டில் கிடந்து எழுந்து வந்திருந்தாள். கடைசிப் பரிசோதனை சுத்தமாக வந்த அன்று, "எனக்குப் பனி பாக்கணும் தூலியோ, ஜன்னல் வழியா இல்ல," என்று சொன்னாள். கம்பளித் தொப்பிக்குள் அவள் தலையில் கோழிக்குஞ்சின் தூவல்போல் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அவள் தூங்கும்போது அதைத் தடவிப் பார்ப்பது அவனுடைய ரகசியம்.

ஓட்டல் ஊருக்கு மேலே, சறுக்குச் சரிவின் பாதியில் நின்றது. மூன்றாம் மாடியில் புதிதாக அலங்கரித்த அறை. அதில் தங்கும் முதல் ஆட்கள் அவர்கள்தான். கதவைத் திறந்ததும் புது வார்னிஷ் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஈரக் கம்பளி, சறுக்குப் பலகைக்குப் பூசும் பழைய மெழுகு, குளிர்ந்த இரும்பு.

பெட்டிகளைத் தூக்கி வந்த அகோஸ்தின் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பனியில் வெந்து, பதனிட்ட தோல்போல் ஆன முகம். அவர் பார்த்தது கட்டிலை அல்ல. கட்டிலுக்கு மேலே, சுவரில் பெருக்கல் குறிபோல் மாட்டியிருந்த இரண்டு பழைய மரச் சறுக்குப் பலகைகளை.

"யாரு இதைக் குறுக்கா மாட்டினது?"

"நாங்க இல்லீங்க, இப்பத்தான் வந்தோம்," என்றான் தூலியோ.

அகோஸ்தின் பெட்டிகளைப் போட்டுவிட்டுக் காலணியோடு கட்டில்மேல் ஏறினார். பலகையைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மேலாளர் தாமியானா பழக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"அகோஸ்தின்! இறங்குங்க முதல்ல! மிலானோலேருந்து வந்து பண்ணிட்டுப் போன அலங்காரம் அது."

"அம்மா, பலகையை வீட்டுக்குள்ள நேரா சாத்துவோம், இல்லைன்னா படுக்க வைப்போம். குறுக்கா வைக்க மாட்டோம். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம், நீங்க விருந்தாளி மெத்தையில பூட்ஸோட நிக்கிறீங்க. இன்னொரு தடவை இந்த மாடிப்பக்கம் உங்களைப் பாத்தேன், வேற இடம் பாத்துக்குங்க."

ஒர்னெல்லா பால்கனியில் நின்று பனியைக் கையில் அள்ளிக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தில் அகோஸ்தின் தூலியோவின் கையைப் பிடித்தார்.

"டாக்டர், சிரிக்காதீங்க. மலையில ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தா, அவனுக்கு மேல்பக்கம் பலகையைக் குறுக்கா நட்டு வைப்போம். 'கீழ ஆள் கிடக்கு, பாத்து வா'ன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டு மீட்பு ஆள் சறுக்குவண்டியோட வருவான்."

"சரி, இங்க யாரும் கிடக்கலியே."

"அம்மா படுப்பாங்கல்ல? அந்தப் பலகை விஜிலியோவோடது. நாங்க ஒரே மீட்புக் குழுவுல இருந்தோம். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, சரிவை மூடுற நேரத்துல கால் முறிஞ்ச ஒரு பொண்ணைக் கண்டான். மேல பலகையை நட்டுட்டு, பொண்ணு விறைச்சுடக் கூடாதுன்னு பக்கத்துல ஒட்டிப் படுத்துக்கிட்டான். யாரோ பலகையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. பனியைச் சமன் பண்ற இயந்திரம் ரெண்டு பேர் மேலயும் ஏறிப் போச்சு." எச்சிலை விழுங்கினார். "நாலரைக்கு சரிவை மூடுவாங்க. அவன் நேரம் அதுதான். அதுக்குள்ள அம்மாவைக் கீழ டீ குடிக்கக் கூட்டிட்டு வந்துடுங்க. எங்க போய்ப் பலகை நின்னாலும் அவன் வருவான். அவன் வண்டியில ஒரே ஒரு இடம். யாருக்கு அடி அதிகமோ அவங்களைத்தான் முதல்ல ஏத்துவான். கீழ இன்னொரு மீட்பு ஆள் 'வாங்கிட்டேன்'னு சொல்ற வரைக்கும் விடமாட்டான். எங்க வேலை அப்படி."

"நாலரைக்கு டீ. கேக் இருக்குமா?"

அகோஸ்தின் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

திரும்பி வந்தபோது ஒர்னெல்லா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பி நழுவியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மாத்திரை இல்லாமல் அவள் இப்படித் தூங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

எழுப்ப அவனுக்கு மனம் வரவில்லை.

அதுதான் அவன் செய்த தப்பு. பின்னாளில் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்தும், அதைத் தப்பு என்று சொல்ல அவனால் முடிந்ததில்லை.

நான்கு பத்துக்கு மனசு கேட்காமல் நாற்காலி போட்டு ஏறினான். பழத்தட்டுக் கத்தியால் திருகாணியைத் திருகினான். முப்பது வருடம் மனிதர்களின் கடைவாய்ப் பல்லையே அசைத்து எடுத்தவன்; மிலானோக்காரர் போட்ட திருகாணி அசையவில்லை. கத்தி முனை ஒடிந்தது. பலகையின் நுனியில் சூட்டுக்கோலால் எழுதிய இரண்டு எழுத்துகள் கண்ணில் பட்டன. முதலாவது, விஜிலியோ என்ற பெயரின் முதல் எழுத்து.

வெளியே சரிவு நீலமாகிக்கொண்டே வந்தது. சறுக்க வந்தவர்களை மேலே ஏற்றும் தூக்கு நாற்காலிகள் ஓடாமல் நின்றன. எங்கோ மேலே ஒரு குரல் இழுத்துக் கூப்பிட்டது. மூடும் நேரத்தில் எல்லா மலையிலும் கேட்கும் குரல்தான்.

"யாராவது இருக்கீங்களாஆ?"

மணி நான்கு முப்பது.

மெழுகு வாசனை திடீரென்று மூக்கை அடைத்தது.

பால்கனிக் கதவில் கம்பால் தட்டும் ஓசை. மூன்று முறை.

மூன்றாம் மாடி.

"ஒர்னெல்லா, எழுந்திரு," என்றான். நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினான்.

தூக்கத்தில் அவள் புரண்டாள். வார்டில் ஒவ்வொரு விடியலிலும் நர்சு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

"இருக்கேன்," என்றாள்.

கதவு திறக்கவில்லை. ஆனால் அது உள்ளே நின்றது. சிவப்புக் கம்பளிச் சட்டை, மார்பில் வெள்ளைச் சிலுவை. மார்பு என்று சொல்ல முடியாது. தட்டையாக, பல்பல்லாக, இயந்திரத்தின் சங்கிலித் தடம் பதிந்திருந்தது. முகத்தின் ஒரு பாதி தலைக்குள் போயிருந்தது. மறு பாதியில் இருந்த ஒற்றைக் கண்ணில் கோபமே இல்லை. அதுதான் பயங்கரம். அக்கறையோடு பார்த்தது.

"பயப்படாதீங்க. இதோ எடுத்துடறேன்," என்றது பனி அரைபடும் குரலில்.

தோல் பட்டையை ஒர்னெல்லாவின் மார்பின் குறுக்கே போட்டு இழுத்தது. அவள் அலறி விழித்தாள். இன்னொரு இழுப்பு. அறுவைத் தழும்புக்குக் கீழே விலா எலும்பு ஒடியும் சத்தம் தூலியோவுக்குத் துல்லியமாகக் கேட்டது.

"விடுய்யா அவளை! அவளுக்கு ஒண்ணுமில்ல! குணமாயிட்டா!"

ஒற்றைக் கண் ஒர்னெல்லாவின் தூவல் முளைத்த தலையைப் பார்த்தது. மெலிந்த கழுத்தை, வெளிறிய உதட்டைப் பார்த்தது. எந்த மீட்பு ஆள்தான் நம்புவான்?

தூலியோ பித்தளை விளக்குத் தண்டைப் பிடுங்கி அதன் மண்டையில் ஓங்கி அடித்தான். கெட்டிப்பட்ட பனியில் அடித்ததுபோல் கை அதிர்ந்தது. உடைந்த இடத்திலிருந்து கறுத்த ரத்தக் கட்டிகள் உதிர்ந்தன. அது திரும்பிக்கூடப் பார்க்காமல் புறங்கையால் ஒன்று கொடுத்தது. தூலியோ அலமாரியில் மோதி விழுந்தான். வாயிலிருந்து மூன்று பற்கள் கம்பளத்தில் சிதறின. முன்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று என்று தொழில் புத்தி எண்ணியது.

பட்டை மறுபடி இறுகியது. ஒர்னெல்லாவின் உதட்டோரம் ரத்த நுரை.

"தூ... லியோ..."

யாருக்கு அடி அதிகமோ அவங்க முதல்ல.

மூலையில் பளிங்கு மேசை இருந்தது, மிலானோக்காரரின் ரசனையில் நான்கு ஆள் தூக்க வேண்டிய கனத்தில். தூலியோ தரையில் மல்லாந்து, இடது காலை அதன் விளிம்புக்கு நேராக நீட்டினான். வலது காலால் மேசையின் ஒற்றைத் தாங்கியை உதைத்தான். அது ஆடி நின்றது. தன் வாழ்க்கையில் ஒன்றுகூட முதல் தடவையிலேயே சரியாக நடந்ததில்லை என்று நினைத்தபடி மறுபடி உதைத்தான்.

மேசை சாய்ந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக ஒடிந்து, வெள்ளையாக, கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் போட்ட கூச்சலில் தாழ்வார விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

ஒற்றைக் கண் மெல்லத் திரும்பியது.

"இங்க," என்று குழறினான் தூலியோ. "நான்தான்... எனக்குத்தான் அதிகம்."

ரத்தம் கோடு இழுக்க, முழங்கையால் ஊர்ந்து கட்டில் ஏறினான். அது ஒர்னெல்லாவின் பட்டையைக் கழற்றியிருந்தது; அவளைத் தள்ளினான். அவள் அந்தப் பக்கம் தரையில் விழுந்தாள். குறுக்குப் பலகைகளுக்கு நேர் கீழே படுத்தான்.

"நல்ல ஆளு. கண்ணை மூடிக்குங்க," என்றது அது.

பட்டை அவன் மார்பின் குறுக்கே விழுந்தது. பிறகு கண்ணாடி முகத்தில் வெடித்தது. பால்கனிக் கம்பி பிய்ந்தது. காற்று. கீழே பனி அடித்த அடியில் தோள்பட்டை இறங்கியது. சறுக்குவண்டியில் கட்டி, சரிவில் அவனை இழுத்துக்கொண்டு அது பறந்தது. பைன் மரத்தின் வேர் ஒன்று முதுகுத் தோலை உரித்தது. ஒவ்வொரு மேட்டிலும் வெளியே நீட்டிய எலும்பு பனியை உழுதது. அத்தனை வேகத்திலும் அது திரும்பித் திரும்பிப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்," என்றது.

கீழே, கேபிள் கார் நிலையத்தின் விளக்குக்கு அடியில், கைகளை விரித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாலு இருபதாகியும் டீக்கு யாரும் இறங்கி வராததைப் பார்த்துக் கீழே போயிருந்த அகோஸ்தின்.

"வாங்கிட்டேன், விஜிலியோ!"

வண்டி நிற்கவில்லை. அவர்மேல் ஏறி, அவரையும் உருட்டி, பத்தடி தள்ளித்தான் நின்றது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிய, அகோஸ்தின் தவழ்ந்து வந்து அந்தச் சிவப்புத் தோளில் கை வைத்தார். குளிரில் கை தோலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுக்க முயலவில்லை.

"வாங்கிட்டேண்டா. என் கையில வந்துட்டாரு. நீ போ."

பட்டை தளர்ந்தது.

பள்ளத்தாக்கு மருத்துவமனையில், ஒன்பது நாள் கழித்து, ஒர்னெல்லா விலாவில் கட்டோடு அவன் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள்.

"என்னைக் கட்டில்லேருந்து தள்ளிவிட்டே. முப்பது வருஷக் கல்யாணத்துல முதல் தடவை."

"ஆசை ரொம்ப நாளா இருந்தது."

அவள் சிரிக்கப் போய், விலா வலித்து, அழுதாள். முன்பற்களில்லாத வாயால் அவள் உள்ளங்கையில் அவன் முத்தமிட்டான்.

அகோஸ்தின் நெற்றித் தையலோடும், துணி சுற்றிய கையோடும் வந்தார். பலகைகளை அறுத்து எரித்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்ப முடிஞ்சுதா?" என்று கேட்டாள் ஒர்னெல்லா.

அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அன்னைக்குப் பலகையை எடுத்துட்டுப் போனது நான்தான்மா. யாரோ மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். கீழ எட்டிப் பாக்கல. சொல்லப் பயந்து குடிசைப் பரண்ல ஒளிச்சு வெச்சேன். அந்தக் குடிசையை வித்தப்ப அதுவும் போயிடுச்சு." நிமிர்ந்தார். "டாக்டரை என்கிட்ட ஒப்படைச்சுட்டான். கால் முறிஞ்ச அந்தப் பொண்ணை அவன் இன்னும் யார்கிட்டயும் ஒப்படைக்கல. இது பலகையோட சமாச்சாரம் இல்ல. எது குறுக்கா நின்னாலும் வருவான்."

அவர் போன பிறகு தூலியோ அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். தனக்காகச் சாத்தி வைத்திருந்த ஊன்றுகோல்கள் தனித்தனியாக நின்றன. ஆரஞ்சுத் தட்டில் கத்தி ஒரு பக்கம், முள்கரண்டி ஒரு பக்கம். நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு முப்பது.

ஆரஞ்சு வாசனைக்கு அடியில் மெழுகு வாசனை.

திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில், இரண்டு தொடையும் முறிந்து நேற்று வந்த கிழவர். அவருடைய கால்களைத் தூக்கிக் கட்டிய கயிறுகளின் நிழல் திரையில் விழுந்தது. ஒன்றன்மேல் ஒன்று, குறுக்காக.

ஜன்னலில் மூன்று முறை தட்டும் ஓசை.

ஒர்னெல்லா அவன் வாயைப் பொத்தினாள். அவன் அவள் வாயைப் பொத்தினான்.

திரைக்குப் பின்னால் கிழவர் தூக்கக் கலக்கத்தில், மரியாதையாக, பதில் சொன்னார்.

"இருக்கேங்க."