அந்திக்குள் திருத்தம்

எங்கள் வேட்பாளர் தென்னவன் காலையில் உளறியதைச் சரிசெய்வதுதான் என் அன்றாட முதல் வேலை. அன்றைக்கு ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு, எதிர்க்கட்சிக்காரரின் தாத்தாவைத் தியாகி என்று புகழ்ந்து தொலைத்திருந்தார். இரண்டையும் திருத்தி அனுப்பினேன். கேட்டவர் எல்லாருடைய செவிமணியிலும் பழையது அழிந்து புதுப்பேச்சு ஏறிக்கொண்டது.

குழந்தைக்குக் காது குத்தும்போதே செவிமணியையும் பொருத்திவிடுகிறோம். கேட்டதெல்லாம் அதில் பதிவாகும். எந்தச் சண்டையானாலும் அதைப் போட்டுக் கேட்டால் தீர்ந்தது. வேட்பாளர் மட்டும் தன் பேச்சை அன்று அந்திக்குள் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டம். சின்னச் சின்னப் பிழைகளுக்காம்! எது திருத்தியது, எது அசல் என்று வெளியே யாருக்கும் தெரியாது.

பகலில் துறைமுகத்தில் கூட்டம். என் அண்ணி பிலோமினா முன்வரிசையில் நின்று அழுதார். மீன்பிடிக்கப் போன அண்ணன் சூசையையும் இன்னும் எட்டுப் பேரையும் கடலுக்கு அந்தப்பக்கத்துத் தீவரசு பிடித்து வைத்து ஐந்து வருஷமாகிறது. அந்த அழுகையைப் பார்த்த தென்னவன், எழுதிக்கொடுத்த பேச்சை மடித்து வைத்துவிட்டார்.

"மறைக்க என்ன தாயி இருக்கு? நம்ம படகுதான் எல்லை தாண்டுச்சு. இங்க மீன் இல்ல, அங்க இருக்கு. தீவரசுகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். புள்ளைங்கள விட்ருங்க."

 சற்று நேரத்தில் தீவரசின் பதில் எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் ரகசியமாக வந்தது. அந்தி தாண்டியும் இந்தச் சொல் நிலைத்தால் ஒன்பது பேரையும் விடுவிப்பார்களாம். நம் சட்டம் அவர்களுக்கும் அத்துப்படி.

பிரசாரத் தலைவர் கோமதிநாயகம் தலையிலடித்துக்கொண்டு வந்தார். "போச்சு, எல்லாம் போச்சு! அவன்கிட்டப் போய் மன்னிப்பா? நாடே காறித் துப்பும். ஒரு அடிகூடப் பின்வாங்க மாட்டோம்னு மாத்தும்மா."

"ஐயா, அதுல எங்க அண்ணன் இருக்காரு."

"தெரியும்மா. ஜெயிச்சதும் மொத வேலையா அவனக் கூட்டிட்டு வந்துரலாம்."

"போன தேர்தல்லயும் இதத்தானே சொன்னீங்க?"

"நீ செய்றியா, நான் செய்யட்டுமா?"

"என் கையால நடக்காது."

பக்கத்து அறைக்கு ஓடினேன். தென்னவன் தனியாக உட்கார்ந்திருந்தார். "மனசுல பட்டதச் சொல்லிட்டேன். தப்பாம்மா?" என்றார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனைப் போல.

"தப்பே இல்லங்கய்யா. அத அப்படியே விட்ருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

என் பின்னால் வந்து நின்ற கோமதிநாயகத்தை அவர் பார்த்தார். கோமதிநாயகம் கூடாது என்று தலையை ஆட்டினார். தென்னவன் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் அவர் வீரம்!  பொழுது சாய்வதற்குள் கோமதிநாயகமே உட்கார்ந்து திருத்தி முடித்தார். விடுதலைப் பேச்சுக்கே இனி இடமில்லை என்று தீவரசு அறிவித்தது.

விளக்கு வைத்தபின் அண்ணி அழைத்தார். 

"செசிலி, செவிமணியில திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன். அவரு மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. பின்வாங்க மாட்டோம்னுல்ல கத்துறாரு!"

"அண்ணி, துறைமுகத்துல நீங்க நேர்ல கேட்டதுதான் நெசம். அவரு சொன்னாரு, நானும் கேட்டேன். இவங்க மாத்திட்டாங்க."

"அவ்வளவு பெரிய பேச்ச யாராவது மாத்துவாங்களா? எனக்காகப் பொய் சொல்லாத புள்ள."

"மாதா மேல சத்தியமா அண்ணி!"

"பக்கத்துல நின்னவளுகளும் அவங்கவங்க செவிமணியக் கேட்டுட்டு, இல்லவே இல்லைங்கறாளுக. எல்லாருக்குமா கோளாறு வரும்? அஞ்சு வருஷமா உங்க அண்ணன் நெனப்பாவே கெடந்தேனா, புத்தி பேதலிச்சுப் போச்சு போல. புள்ளைங்ககிட்ட வேற அப்பா வர்றாருன்னு சொல்லித் தொலச்சுட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில காதக் காட்டணும். கூட வர்றியா?"